கோஷே நோயில் செல்லுக்குள் என்னதான் நடக்கிறது?

கேள்வி சுருக்கமாக இது: "அக்கா மகனுக்கு நான்கு வயது. வயிறு உப்பிக்கொண்டே வந்தது. ஹீமோகுளோபின் குறைந்தது, தட்டணுக்களும் குறைந்தன. ரத்தப் புற்றுநோயாக இருக்குமோ என்று பயந்து எலும்பு மஜ்ஜை எடுத்துப் பார்த்ததில் கோஷே நோய் என்று வந்திருக்கிறது. ஒரு நொதி இல்லை, லைசோசோமில் கழிவு தேங்குகிறது என்றார்கள். கண்ணுக்கே தெரியாத ஒரு பையில் கழிவு தேங்கினால் மண்ணீரல் ஏன் இவ்வளவு பெரிதாக வேண்டும்? எலும்பு ஏன் வலிக்க வேண்டும்? அக்கா அத்தை மகனைத்தான் கட்டியிருக்கிறாள். அடுத்த குழந்தைக்கும் வருமா?"

உங்கள் சந்தேகம் சரியான இடத்தில்தான் விழுந்திருக்கிறது. கோஷே நோயில் மண்ணீரல் இயல்பைப்போலப் பத்து மடங்குக்கும் மேல் வளர்வதுண்டு. அப்படிக் கூடிய எடையில் தேங்கிய கொழுப்பு மட்டும் எவ்வளவு என்று கணக்குப் பார்த்தால் 2 சதவீதம்கூட வராது. ஆக, குப்பை சேர்ந்தது, உறுப்பு வீங்கிவிட்டது என்று சொல்லி முடித்துவிட முடியாது. மிச்சமுள்ள 98 சதவீதம் எங்கிருந்து வந்தது? அது தெரிந்தால்தான் ரத்தக்குறைவும் எலும்பு வலியும் புரியும், மருந்து எதைச் சரிசெய்யும், எதைச் செய்யாது என்பதும் புரியும். நான் நோயியல் ஆய்வகத்தில் இருபது வருடங்களுக்கு மேல் ஸ்லைடு பார்த்தவன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

லைசோசோம் என்பது செல்லுக்குள் இருக்கும் ஒரு மெல்லிய சவ்வுப் பை. ஒரே செல்லில் நூற்றுக்கணக்கில்கூட இருக்கும். பையின் உள்ளே அமிலம், பிஎச் 4.5 முதல் 5 வரை. வெளியே செல்லின் திரவம் 7.2. சவ்வில் பதிந்திருக்கும் ஒரு பம்ப் அமிலத்தன்மை தரும் புரோட்டான்களை ஓயாமல் உள்ளே தள்ளி இந்த வித்தியாசத்தைக் காப்பாற்றுகிறது. உள்ளே சுமார் 60 வகை செரிமான நொதிகள். அவற்றுக்கு அமிலம் இருந்தால்தான் வேலை ஓடும். பை கொஞ்சம் ஒழுகினாலும் வெளியே வந்த நொதி பெரும்பாலும் வலுவிழந்துவிடும் என்பது செல்லுக்கு ஒரு பாதுகாப்பு.

இந்தப் பையைக் கண்டுபிடித்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன், நோயைப் புரிந்துகொள்ள அது உதவும். பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டியன் டி டூவ் என்பவர் எலியின் கல்லீரலை அரைத்து, இன்சுலினோடு தொடர்புள்ள ஒரு நொதியை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஆசிட் பாஸ்பட்டேஸ் என்ற இன்னொரு நொதியையும் அளந்தார். எதிர்பார்த்ததில் ஒரு சிறு பங்குதான் தென்பட்டது. அதே கலவையைக் குளிர்பெட்டியில் வைத்துச் சில நாள் கழித்து அளந்தால் நொதி முழுசாக இருக்கிறது! புதிதாக எதுவும் உண்டாகவில்லை. ஏதோ ஒரு பைக்குள் அடைபட்டிருந்தது, பை கிழிந்ததும் வெளியே வந்தது. அந்தப் பைக்கு 1955-இல் லைசோசோம் என்று பெயர் வைத்தார். 1974-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

குப்பைத்தொட்டி என்று இதைச் சொல்லும்போது எனக்கு மனம் ஒப்புவதில்லை. தொட்டியில் போட்டது அங்கேயே கிடக்கும். லைசோசோமுக்குள் போனது துண்டு துண்டாகி, அமினோ அமிலமாக, சர்க்கரையாக, கொழுப்பு அமிலமாகச் செல்லுக்குத் திரும்பி வரும். பழைய இரும்பு வாங்கி உருக்கிக் கம்பியாக்கித் தரும் பட்டறை என்று வைத்துக்கொள்ளுங்கள். அது மட்டுமில்லை, செல்லின் இருப்புக் கணக்கும் இந்தப் பட்டறை வாசலில்தான் எழுதப்படுகிறது. எம்டார் என்ற புரதக் கூட்டம் லைசோசோமின் மேல் உட்கார்ந்து, உள்ளே சத்து இருக்கிறதா என்று பார்த்து, இப்போது வளரலாமா, சிக்கனமாக இருக்கவேண்டுமா என்று செல்லுக்குச் சொல்கிறது. பட்டறை அடைபட்டால் கணக்கும் குழம்புகிறது.

சரி, கோஷேவுக்கு வருவோம். செல் சவ்வில் சர்க்கரை கோத்த கொழுப்புகள் நிறைய உண்டு. அவற்றை உடைப்பது, கட்டிய பூச்சரத்தை ஒரு முனையிலிருந்து ஒவ்வொரு முடிச்சாக அவிழ்ப்பது மாதிரி. ஒவ்வொரு முடிச்சுக்கும் ஒரு நொதி. ஒரு நொதியின் முடிச்சை இன்னொன்று அவிழ்க்காது. நடுவில் ஒன்றைத் தாண்டிப் போகவும் வழியில்லை. கடைசியில் மிஞ்சுவது செராமைடு என்ற கொழுப்பும் அதோடு ஒட்டிய ஒரே ஒரு குளுக்கோஸும். இந்தக் கடைசி முடிச்சை அவிழ்ப்பது குளுக்கோசெரிப்ரோசிடேஸ். இந்த நொதிதான் உங்கள் வீட்டுப் பையனுக்குப் போதவில்லை.

உடம்பில் எல்லாச் செல்லுக்கும் இந்த நொதி தேவை. பிறகு ஏன் மண்ணீரலில், கல்லீரலில், எலும்பு மஜ்ஜையில் மட்டும் இவ்வளவு அவதி? அங்கே வேலை செய்யும் மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கு செல்களைப் பாருங்கள். ரத்தச் சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். நொடிக்கு 20 லட்சத்துக்கு மேற்பட்ட சிவப்பணுக்கள் கிழடாகின்றன. அவற்றைப் பிடித்து விழுங்கிச் செரிப்பது மேக்ரோஃபேஜின் வேலை. ஒவ்வொரு சிவப்பணுவின் சவ்வோடும் சர்க்கரைக் கொழுப்பு உள்ளே வருகிறது. தோல் செல்லுக்கோ தசைச் செல்லுக்கோ இந்தச் சுமை இல்லை, அதனால் மிச்சமிருக்கும் கொஞ்ச நொதியை வைத்தே அவை சமாளித்துவிடுகின்றன. யாருக்கு வரவு அதிகமோ அவருக்கே நெருக்கடி. லைசோசோம் தேக்க நோய்கள் 50-க்கும் மேல் உண்டு. எந்த நோய் எந்த உறுப்பைத் தாக்கும் என்பதற்குப் பெரும்பாலும் இந்த வரவுக் கணக்குதான் காரணம்.

நான் முதன்முதலில் கோஷே செல்லைப் பார்த்தது பயிற்சிக் காலத்தில். உங்கள் பையனைப் போலவே லுகேமியா சந்தேகத்தில் வந்த மஜ்ஜை ஸ்லைடு. புற்றுச் செல்லைத் தேடிக்கொண்டிருந்த கண்ணில், மற்றச் செல்களைவிட ஐந்தாறு மடங்கு பெரிய ஒரு செல் பட்டது. உட்கரு ஓரமாக ஒதுங்கியிருந்தது. மீதி இடமெல்லாம் கசக்கிப் பிரித்த மெல்லிய தாள் போல மடிப்பு மடிப்பாக இருந்தது. அந்த மடிப்புகள் வேறொன்றுமில்லை, லைசோசோமுக்குள் நூல்நூலாக உறைந்து நீண்டுகிடக்கும் அதே கொழுப்பு. இந்தச் செல்லை 1882-இல் விவரித்த பிரெஞ்சு மருத்துவர் பிலிப் கோஷேயும் அதை மண்ணீரலில் வந்த புற்று என்றே நினைத்தார். உங்கள் குடும்பத்துக்கு வந்த பயத்தில் தப்பே இல்லை.

இப்போது அந்த 98 சதவீதம். கோஷே செல் செத்துக்கிடக்கும் மூட்டை அல்ல. உயிரோடு இருக்கிறது, சும்மாவும் இருப்பதில்லை. சுற்றியிருக்கும் செல்களுக்கு அழற்சிச் செய்திகளை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. அதைக் கேட்டு மேலும் மேக்ரோஃபேஜ்கள் வருகின்றன, மற்ற வெள்ளையணுக்கள் வருகின்றன, திசு பெருக்கிறது, நார் படிகிறது. கைட்டோட்ரையோசிடேஸ் என்ற ஒரு நொதியை அது ரத்தத்தில் கொட்டும். சிகிச்சை எடுக்காத நோயாளியிடம் இதன் அளவு இயல்பைப்போல நூற்றுக்கணக்கான மடங்கு இருக்கும். வைத்தியம் பிடிக்கிறதா என்று பார்க்க இதைத்தான் பல இடங்களில் அளக்கிறார்கள். ஆக, கொழுப்பு தேங்கிய கொஞ்சம் செல்கள் ஊரையே கூட்டிவிடுகின்றன. மண்ணீரலின் அளவில் பெரும்பகுதி இப்படிக் கூடிய கூட்டம்தான்.

பெருத்த மண்ணீரல் நல்ல ரத்த அணுக்களையும், ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களையும் தனக்குள்ளேயே பிடித்து வைத்துக்கொள்கிறது. மஜ்ஜையிலோ, ரத்தம் ஊற வேண்டிய இடத்தைக் கோஷே செல்கள் அடைத்துக்கொள்கின்றன. இரண்டும் சேர்ந்துதான் ரத்தக்குறைவும், லேசாக இடித்தாலே கன்றிப்போவதும். எலும்பு வலியும் மஜ்ஜையிலிருந்தே வருகிறது. எலும்பு உண்டாவதும் கரைவதும் சமமாக நடக்கவேண்டியது, அழற்சிச் செய்திகளால் தவறிப்போகிறது, எலும்பு மெலிகிறது. அதற்குள் ரத்த ஓட்டம் தடைபட்டால் அந்தப் பகுதியே செத்துப்போகும். அந்த வலி வந்த பிள்ளை காய்ச்சலோடு காலைத் தொடவிடாமல் அழும். இடுப்பு மூட்டில் இது அதிகம். "மண்ணீரலை எடுத்துவிட்டால் என்ன" என்று யாராவது சொல்வார்கள். முன்பு அப்படித்தான் செய்தார்கள். மண்ணீரல் எடுக்கப்பட்டவர்களிடம் எலும்புச் சிக்கல் அதிகமாகவே காணப்பட்டது. இன்று நொதி மருந்து இருக்கும்போது அவசரப்பட்டு அதற்குச் சம்மதிக்காதீர்கள்.

செல்லுக்குள்ளேயே நடக்கும் கேட்டை இன்னும் கிட்டப் போய்ப் பார்க்கலாம். செல் தன் சொந்தப் பழைய பாகங்களையும் லைசோசோமில்தான் செரிக்கிறது. செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா பழுதானால் அதைச் சவ்வால் சுற்றி ஒரு பொட்டலமாக்கி அனுப்பும். இதற்குத் தன்விழுங்கல் என்று பெயர். லைசோசோம் நிரம்பிக் கிடந்தால் பொட்டலம் வாசலில் நிற்கிறது. பழுதான மைட்டோகாண்ட்ரியா வெளியேறாமல் நச்சு ஆக்சிஜன் மூலக்கூறுகளைக் கக்குகிறது. இதற்கிடையே செராமைடோடு குளுக்கோஸ் ஒட்டிய அந்தக் கொழுப்பில் கொஞ்சம், ஒரு கொழுப்பு அமிலத்தை இழந்து குளுக்கோசில்ஸ்பிங்கோசின் ஆகிறது. இது அளவில் கொஞ்சம்தான். ஆனால் நீரில் கொஞ்சம் கரையும் என்பதால் லைசோசோமிலிருந்து நழுவி மற்ற இடங்களுக்குப் போய்க் கெடுதல் செய்யும். ரத்தப் பரிசோதனையில் லைசோ-ஜிபி1 என்று எழுதியிருப்பது இதைத்தான். தேங்கிய மலையைவிட, அதிலிருந்து கசியும் இந்தத் துளிதான் அதிகம் படுத்துகிறது என்பது என் எண்ணம்.

செல் சும்மா பார்த்துக்கொண்டிருக்காது. டிஎஃப்இபி என்ற புரதம் உட்கருவுக்குள் போய், இன்னும் லைசோசோம் செய், இன்னும் நொதி செய் என்று உத்தரவு போடும். 2009-இல்தான் இந்த ஏற்பாடு தெரிய வந்தது. ஆனால் உத்தரவை நிறைவேற்ற எடுக்கும் வரைபடமே பிழையான மரபணு என்பதால், வருவதெல்லாம் அதே குறையோடுதான் வரும்.

மற்ற லைசோசோம் தேக்க நோய்களைப் பார்த்தால் உங்கள் பையனின் நோய் இன்னும் தெளிவாகும். பொம்பே நோய் என்று ஒன்று. பாம்பே ரத்தப் பிரிவோடு இதைக் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. இது 1932-இல் இதை விவரித்த டச்சு மருத்துவர் பொம்பேயின் பெயர். நாஜிகளை எதிர்த்த இயக்கத்தில் இருந்ததற்காக 1945-இல் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். இந்த நோயில் குழந்தையின் இதயமும் தசையும், உடம்பு சர்க்கரையைச் சேமித்துவைக்கும் கிளைக்கோஜனால் நிரம்பிவிடும். வேடிக்கை என்னவென்றால் ரத்தச் சர்க்கரை குறைவதில்லை. கிளைக்கோஜனை உடைக்கும் வழக்கமான நொதிகள் எல்லாம் நன்றாகவே இருந்தன. பின் எப்படித் தேங்கியது? டி டூவின் சக ஊழியர் ஹென்றி-ஜெரி ஹெர்ஸ் 1963-இல் விடை சொன்னார்: லைசோசோமுக்குள் போய்விட்ட கிளைக்கோஜனை உடைக்கும் அமில நொதி ஒன்று மட்டும் இல்லை. பைக்கு வெளியே இருப்பதை உடம்பு எடுத்துச் செலவழிக்கிறது. பைக்குள் போனது திரும்புவதில்லை. லைசோசோம் தேக்க நோய் என்ற எண்ணமே இங்கிருந்துதான் பிறந்தது. பொம்பேயில் நொதி மருந்து கொடுத்த பிறகும் சில தசை நார்களின் நடுவே தன்விழுங்கல் பொட்டலங்கள் குவிந்தே கிடக்கும். தசை இழுத்துச் சுருங்க இடம் விடாது. தேங்கியதைக் கரைத்தால் மட்டும் எல்லாம் பழையபடி ஆகிவிடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

டே-சாக்ஸ் நோயில் நெருக்கடி மூளைக்கு. நரம்புச் செல்களின் சவ்வில் காங்லியோசைடு என்ற சர்க்கரைக் கொழுப்பு ஏராளம். அதை உடைக்கும் ஹெக்சோசமினிடேஸ் ஏ இல்லாவிட்டால் நியூரானின் உடல் பலூன் போல உப்பும். பெருகிக்கொண்டே இருக்கும் செல் தன் சுமையைப் பிள்ளைச் செல்களுக்குப் பாதி பாதி பிரித்துக் கொடுத்துவிடலாம். நியூரான் பிறந்தபின் பிரிவதில்லை. வருடக்கணக்கான சுமை அதன் தலையிலேயே. உப்பியதோடு நிற்காமல், முளைக்கக்கூடாத இடத்தில் புதுக் கிளைகளை முளைத்து, தப்பான இணைப்புகளையும் போடுகிறது. குழந்தை முதல் சில மாதம் சிரித்து, தலை நின்று, பிறகு கற்றதை ஒவ்வொன்றாக இழப்பது அதனால்தான்.

இதெல்லாம் நொதி இல்லாததால் வருபவை. நொதி இருந்தும் வரலாம். சிஸ்டினோசிஸில் செரிமானம் நடந்துவிடுகிறது, சிஸ்டின் என்ற அமினோ அமிலத்தை வெளியே அனுப்பும் கதவு மட்டும் திறப்பதில்லை. அது படிகமாகிச் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது. ஐ-செல் நோயில் நொதிகள் எல்லாம் தயார்; ஆனால் லைசோசோமுக்குப் போ என்று முகவரி ஒட்டும் வேலை நடக்காததால் அவை செல்லுக்கு வெளியே போய்விடுகின்றன. அந்த முகவரிக்கு மேனோஸ்-6-பாஸ்பேட் என்று பெயர்.

உங்கள் பையனின் நொதி ஏன் போதவில்லை? பல கோஷே நோயாளிகளிடம் நொதி உண்டாகத்தான் செய்கிறது. மரபணுவில் உள்ள ஒரே ஒரு எழுத்துப் பிழையால் அது சரியாக மடியாமல் போகிறது. தரம் பார்க்கும் இடத்தில் செல்லே அதைப் பிடித்து அழித்துவிடுகிறது. சில பிழைகளில் கொஞ்சம் தப்பிப்போய் லைசோசோமைச் சேரும். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்பதில்தான் நோயின் கடுமை பெரும்பாலும் இருக்கிறது. பெற்றோருக்குப் பாதியளவு நொதி இருக்கிறது. அது தாராளமாகப் போதும்.

நொதியை வெளியிலிருந்து கொடுக்கலாம் என்ற நம்பிக்கைக்கு ஒரு பழைய சோதனை காரணம். அமெரிக்காவில் எலிசபெத் நியூஃபெல்டின் குழு 1968-இல் ஹர்லர், ஹன்டர் என்ற இரண்டு வேறு லைசோசோம் தேக்க நோய்களின் தோல் செல்களை ஒரே தட்டில் வளர்த்தது. இரண்டும் ஒன்றையொன்று குணப்படுத்திவிட்டன. ஒன்று விட்ட நொதியை மற்றொன்று எடுத்துக்கொண்டது. கோஷேவில் எந்த நொதி குறைவு என்பதை 1965-இல் காட்டிய அமெரிக்க ஆய்வாளர் ராஸ்கோ பிரேடி, அதை மருந்தாக்கப் பல வருடம் பாடுபட்டார். பிரசவ நஞ்சுக்கொடியிலிருந்து எடுத்த நொதி முதலில் பலன் தரவில்லை. அதன் சர்க்கரை நுனிகளைச் சீவி மேனோஸ் என்ற சர்க்கரை வெளியே தெரியும்படி செய்ததும் மேக்ரோஃபேஜ் அதை அடையாளம் கண்டு விழுங்கியது. 1991-இல் அது அங்கீகாரம் பெற்றது. ஒரு நோயாளியின் ஓராண்டுத் தேவைக்கு ஆயிரக்கணக்கான நஞ்சுக்கொடிகள் வேண்டியிருந்தன. 1994 முதல் வளர்ப்புச் செல்களில் தயாரிக்கும் இமிகுளூசரேஸ் வந்தது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை டிரிப்பில் ஏற்றுவது இதைப் போன்ற மருந்துதான். மண்ணீரல் சுருங்கும், ரத்தம் ஏறும். எலும்பு மெதுவாகத்தான் தேறும். ஏற்கெனவே செத்துப்போன எலும்பு திரும்பாது. அதனால்தான் சீக்கிரம் தொடங்கச் சொல்கிறார்கள்.

இந்த மருந்து மூளைக்குள் போகாது. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பை அது தாண்டுவதில்லை. கோஷேவில் முதல் வகை மூளையைத் தொடாது. இரண்டாம், மூன்றாம் வகைகள் தொடும். இந்திய நோயாளிகளிடம் அதிகம் காணப்படும் எல்444பி என்ற பிழை இரண்டு பிரதியிலும் இருந்தால் மூன்றாம் வகைக்கு வாய்ப்பு உண்டு. பையனை எதிரே உட்காரவைத்து, தலையை அசைக்காமல் இடமும் வலமும் சட்டென்று பார்க்கச் சொல்லுங்கள். கண் தாவாமல், தலையை வெட்டித் திருப்பியோ கண்ணைச் சிமிட்டியோ சமாளிக்கிறான் என்றால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். மூன்றாம் வகையில் முதலில் தெரிவது பலருக்கும் இந்தக் கண் அசைவுதான்.

கடைசியாக உங்கள் அக்காவின் கேள்வி. மாற்றம் அடைந்த மரபணு அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என இரண்டும் சேர்ந்தால்தான் நோய். அத்தை மகன், மாமன் மகள் என்றால் மரபணுக்களில் எட்டில் ஒரு பங்கு பொது. தாய்மாமன் என்றால் நான்கில் ஒரு பங்கு. எனவே சொந்தத்தில் கட்டும் குடும்பங்களில் ஒரே பிழை இரு பக்கமும் இருக்க வாய்ப்பு கூடுகிறது. ஆனால் இருவரும் சுமப்பவர்கள், அதாவது நோயில்லாமல் ஒரு பிழையான மரபணுவை வைத்திருப்பவர்கள், என்று தெரிந்தபின் சொந்தமா அந்நியமா என்பது கணக்கில் வராது: ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒன்று நோய் வரும் வாய்ப்பு. முதல் பிள்ளைக்கு வந்துவிட்டதே, அடுத்த மூன்றுக்கு வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வீட்டில் அக்காவை மட்டும் யாரும் குறை சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அத்தானிடமிருந்தும் சரிபாதி வந்திருக்கிறது.

அடுத்த கர்ப்பத்துக்கு முன்பே பையனின் மரபணுப் பிழை எது என்று எழுத்தில் வாங்கி, அக்காவுக்கும் அத்தானுக்கும் அதே பிழை இருக்கிறதா என்று சோதித்துவிடுங்கள். சுமப்பவரைக் கண்டுபிடிக்க நொதி அளவு மட்டும் போதாது. சுமப்பவருடைய அளவும் மற்றவர்களுடைய அளவும் ஒன்றோடொன்று கலந்திருக்கும். அந்த ரிப்போர்ட் கையில் இருந்தால், கர்ப்பத்தின் 11-ஆவது வார வாக்கில் நஞ்சுக்கொடித் திசுவில் துளி எடுத்து, குழந்தைக்கு நோய் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். இல்லாவிட்டால் முதலில் பிழையைத் தேடவே பல வாரம் ஓடிவிடும். ரிப்போர்ட்டின் நகலை அக்காவிடம் ஒன்று, உங்களிடம் ஒன்று வைத்திருங்கள்.